அன்னிய நாட்டுத் தத்தும் நம் நாட்டு யோக்கியதையும்

ஓசூரிலிருந்து ஒரு தோழர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவரும் அவரது வாழ்க்கைத் துணைவியாரும் அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் குழந்தை இல்லை. வைத்தியத்துக்குச் செலவழித்தது போதும், ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கலாம் என்று இருவரும் தீர்மானித்திருக்கிறார்கள். தீர்மானித்த அன்று முதல் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்து விட்டார்களாம். சொந்த ஜாதிப் பிள்ளையாய்ப் பார்த்து எடு, இல்லாவிட்டால் கொள்ளி வைக்க யோக்கியதை இராது என்கிறார்களாம் பெரியவர்கள். எல்லைக்கு அப்பாலிருந்து ஒரே வாரத்தில் பச்சைக் குழந்தை கொண்டுவந்து தருகிறேன், ஆஸ்பத்திரிச் சீட்டு முதற்கொண்டு உங்கள் பேரிலேயே இருக்கும் என்கிறானாம் ஒரு தரகன். அமெரிக்காவிலிருக்கும் அண்ணனோ தனது மூன்றாவது குழந்தையைக் கொடுக்கச் சம்மதிக்கிறாராம், ஆனால் அது சட்டப்படி எளிதல்ல என்று வக்கீல் சொல்லுகிறாராம். "வெள்ளைக்காரர்கள் வந்து நம் குழந்தைகளை வாங்கிக்கொண்டு போகிறார்கள், நான் என் அண்ணன் குழந்தையை அங்கிருந்து கொண்டுவரக் கூடாதா? இதுதான் நியாயமா?" என்று முடித்திருக்கிறார்.

இக்கடிதத்தை ஒரு தனி மனிதரின் குடும்ப விஷயம் என்று நாம் ஒதுக்கி விட முடியவில்லை. அவர் கேட்டிருப்பதில் சாஸ்திரமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. இம்மூன்றும் சேர்கிற இடத்தில் குழந்தை எங்கே இருக்கிறது என்பதுதான் யாரும் பார்க்காத விஷயம்.

முதலில் பெரியவர்கள் சொல்லும் யோசனையை எடுத்துக் கொள்ளுவோம். நமது நாட்டில் தத்து என்பது குழந்தைக்காக ஏற்பட்டதே அல்ல. 'புத்' என்று ஒரு நரகம் இருக்கிறதாம், மகன் இல்லாதவன் அதில் விழுவானாம், அதிலிருந்து தூக்கி விடுகிறவன் ஆனபடியால் மகனுக்குப் புத்திரன் என்று பெயர் வந்ததாம். பெறாதவன் நரகத்துக்குத் தப்புவதற்கு ஒரு குறுக்கு வழி வேண்டுமல்லவா? அந்தக் குறுக்கு வழிக்குத்தான் தத்து என்று பெயர் வைத்தார்கள். ஆகவே பெண் குழந்தையைத் தத்தெடுக்க இடமில்லை, ஏனெனில் பெண்ணால் நரகத்திலிருந்து தூக்க முடியாது. வேறு ஜாதிக் குழந்தைக்கு இடமில்லை. அநாதைக் குழந்தைக்கும் இடமில்லை, ஏனெனில் தத்துக் கொடுப்பதற்குத் தகப்பனோ தாயோ உயிரோடு இருந்தாக வேண்டும். அதாவது எந்தக் குழந்தைக்கு வீடு அவசியமோ அந்தக் குழந்தைக்குத்தான் இந்தச் சாஸ்திரத்தில் கதவு சாத்தப்பட்டிருந்தது!

இதிலும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. மேல் ஜாதிக்காரர் மகள் வயிற்றுப் பேரனையும், சகோதரி மகனையும் தத்தெடுக்கக் கூடாது என்றும், தத்து ஹோமம் செய்தாக வேண்டும் என்றும் விதி செய்தவர்கள், சூத்திரனுக்கு மட்டும் இவையெல்லாம் வேண்டியதில்லை என்று விட்டு விட்டார்கள். கோர்ட்டுகளும் அப்படியே தீர்ப்புச் செய்து வந்தன. ஹோமமில்லாமல் சூத்திரன் எடுத்த தத்து செல்லுமென்றால் நெருப்பும் நெய்யும் தத்துக்கு அவசியமில்லை என்றுதானே அர்த்தம்? இதை ஒப்புக்கொள்ள 1956-ம் வருஷத்துச் சட்டம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

பெண்ணின் கதியோ இன்னும் மோசம். புருஷன் இறந்த பிறகு தத்தெடுக்க வேண்டுமானால் புருஷன் உத்தரவு கொடுத்திருக்க வேண்டும். உத்தரவு இல்லாவிட்டால் பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். ராமநாதபுரம் ஜமீன் வழக்கு சீமை பிரிவி கவுன்சில் வரையில் போய் 1868-ல் தீர்ப்பானது இந்தப் பிரச்னையின் பேரில்தான். பெண்ணைத் தத்தெடுப்பது சாஸ்திர விரோதம் என்று சொல்லிக்கொண்டே, தாசிகள் ஒரு பெண்ணைத் தத்தெடுத்தால் அது வழக்கப்படி செல்லும் என்று சென்னை ஹைகோர்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்புக்கொண்டது. அதாவது, கௌரவமாய்க் குடும்பம் நடத்துகிறவன் ஒரு பெண்ணை மகளாக ஏற்கக் கூடாது, கோவிலில் பொட்டுக் கட்டுவதற்கு மட்டும் ஏற்கலாம்! இந்த அழகான தர்மத்தைத்தான் 'நம் பெரியவர்கள் வைத்த ஏற்பாடு' என்று இன்றும் சிலர் பெருமை பேசுகிறார்கள்.

நிற்க, 1956-ல் வந்த இந்து தத்து, ஜீவனாம்சச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. ஹோமம் கட்டாயமில்லை என்றது. விதவைக்கும் கல்யாணமாகாத பெண்ணுக்கும் உரிமை கொடுத்தது. ஆனால் புருஷன் உள்ள பெண் தன் பேரில் தத்தெடுக்கும் உரிமை பெற 2010 ஆயிற்று. இந்துக்கள் அல்லாதாருக்கோ தத்துச் சட்டமே கிடையாது. 1972-லும் 1980-லும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சட்டம் செய்யப் பார்த்தார்கள், மதத்தின் பேரால் கிளம்பிய கூச்சலில் இரண்டும் நிறைவேறாமல் போயின. கிறிஸ்தவரும் முஸ்லீமும் பார்சியும் ஒரு குழந்தையை எடுத்தால், 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி அதற்குக் காப்பாளர் ஆகலாமே ஒழிய தாய் தகப்பன் ஆக முடியாது. இளஞ்சிறார் நீதிச் சட்டம் வந்த பிறகுதான் இந்நிலை மாறிற்று. எந்த மதத்தாரும் அச்சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது.

அன்னிய நாட்டாரும் அதே 1890-ம் வருஷத்துச் சட்டத்தைத்தான் பயன்படுத்தினார்கள். இங்கே கார்டியன் உத்தரவு, அங்கே போய்த் தத்து. இடையில் யார் குழந்தை, யார் கொடுத்தது, எவ்வளவு கைமாறிற்று என்று கேட்பாரில்லை. லட்சுமி காந்த் பாண்டே என்னும் வக்கீல் இதைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு நீதிபதி பகவதி 1984-ல் விரிவான விதிகளை வகுத்தார். குழந்தைக்கு முதலில் சொந்த நாட்டிலேயே வீடு தேட வேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு என்பது அதன் சாரம். அதன் பலனாக 1990-ல் 'காரா' என்னும் மத்திய தத்து நிறுவனம் ஏற்பட்டது. உலக நாடுகள் 1993-ல் ஹேக் நகரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தை இந்தியா 2003-ல் ஏற்றது.

இன்று நடக்கும் முறையைத் தோழர்கள் தெரிந்து கொள்ளுவது நல்லது. தாய் தகப்பன் இல்லாத, அல்லது கைவிடப்பட்ட குழந்தை கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். உற்றாரைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும். பெற்றவளே ஒப்படைத்தால் அவள் மனம் மாறிக் குழந்தையைத் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. இவை முடிந்த பிறகுதான் 'தத்துக்குரிய குழந்தை' என்று குழு அறிவிக்கும். அப்புறம் இந்நாட்டார் வரிசை. யாரும் ஏற்காத பின்தான் அன்னியர் வரிசை. அன்னியர் தங்கள் நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்தின் மூலமாகத்தான் மனுச் செய்ய முடியும். அவர்கள் வீட்டைப் பற்றிய அறிக்கை வேண்டும், அவர்கள் சர்க்காரின் சம்மதம் வேண்டும், 'காரா'வின் தடையில்லாச் சான்று வேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தையானால் அதனுடைய சம்மதமும் வேண்டும். இதுவரையில் கோர்ட்டார் கொடுத்துவந்த உத்தரவை 2022 செப்டம்பர் முதல் ஜில்லா கலெக்டர் கொடுக்கிறார். கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள குழந்தைக்குக் கிருஷ்ணகிரிக் கலெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். குழந்தை போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வருஷத்துக்கு அதன் க்ஷேமத்தைப் பற்றி அறிக்கை வந்துகொண்டிருக்க வேண்டும்.

சரி, இப்படிப் போகிற குழந்தைகள் எத்தனை? 2024-25-ம் வருஷத்தில் இந்தியாவில் நடந்த தத்துகள் 4,515. அதில் 4,155 இந்நாட்டுக்குள்ளேயே நடந்தவை. மிச்சம் நானூறு கூட இல்லை. ஆகவே 'வெள்ளைக்காரர்கள் நம் குழந்தைகளையெல்லாம் வாங்கிப் போகிறார்கள்' என்று ஓசூர்த் தோழர் எழுதியது இன்றைய நிலைமையில் சரியல்ல. ஆனால் யார் அந்த முந்நூற்றுச் சொச்சம் குழந்தைகள் என்று விசாரித்தால்தான் நமக்கு வெட்கம் வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் கண் தெரியாததும், காது கேளாததும், இருதயத்தில் கோளாறு உள்ளதும், மூளை வளர்ச்சி குன்றியதும், ஏழெட்டு வயதாகி விட்டதும், அண்ணன் தங்கை என்று பிரிக்க முடியாமல் இரண்டாய் இருப்பதும் ஆன குழந்தைகள். நம்மவர்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தத்துக்காகப் பெயரைப் பதிந்துகொண்டு மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள். எதற்கு? நோய் நொடியில்லாத பச்சைக் குழந்தைக்கு. கூடுமானால் சிவப்பாய், கூடுமானால் தங்கள் ஜாடையில். கர்மத்தின் பலனால் குருடாய்ப் பிறந்தது என்று நாம் தள்ளிய குழந்தையை, கர்மம் என்ற வார்த்தையே கேள்விப்படாதவன் வந்து தூக்கிக்கொண்டு போகிறான். இதில் அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அதற்காக அன்னியர் செய்வதெல்லாம் தர்மம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் இது பச்சை வியாபாரமாகவே நடந்தது. 1980-களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் சுமார் 11,000 என்று சொல்லப்படுகிறது. அவற்றில் பல பொய்ப் பத்திரம், பொய்த் தாய், குழந்தைப் பண்ணை ஆகியவற்றின் மூலம் போனவை. கோர்ட்டில் 'நான்தான் தாய்' என்று கையெழுத்துப் போட ஒரு பெண்ணைக் கூலிக்குப் பிடித்திருக்கிறார்கள். நம் சென்னையிலேயே, 1990-களில் ஏழைகள் குடியிருப்புகளில் களவுபோன குழந்தைகள் ஒரு தத்து ஸ்தாபனத்தின் மூலம் நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்பட்ட சேதி 2005-ல் போலீஸ் விசாரணையில் வெளிவந்து, பிறகு சி.பி.ஐ. கைக்குப் போயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வருஷக்கணக்காக அலைந்துகொண்டிருந்தபோது, அந்தப் பிள்ளை வேறு பெயரில் வேறு பாஷை பேசி வளர்ந்துகொண்டிருந்தது. வளர்த்தவர்களோ களவு விஷயம் அறியாதவர்கள். இந்த வழக்கில் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? நமக்கு விடை தெரியவில்லை.

நெதர்லாந்து சர்க்கார் 2021-ல் தங்கள் கமிட்டியின் அறிக்கையைப் பார்த்து வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. சீனா 2024-ல் தன் குழந்தைகளை அன்னியருக்குக் கொடுப்பதை முடித்துக்கொண்டது. தென் கொரியாவில் அரசாங்கக் கமிஷன் ஒன்று, பத்திரங்களைத் திருத்திக் குழந்தைகளை அனுப்பியதற்கு அரசாங்கமே பொறுப்பாளி என்று 2025 மார்ச்சில் சொல்லிற்று. இவையெல்லாம் எதைக் காட்டுகின்றன? பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் நடுவில் குழந்தை ஒன்று நகரும்போது, அதன் பின்னால் ரூபாயும் நகருகிறது என்பதைத்தான். இன்றும் அன்னியர் ஒரு குழந்தைக்குச் செலுத்தும் கட்டணம் 5,000 டாலர். சட்டப்படியான கட்டணந்தான், ரசீதும் உண்டு. என்றாலும் அத்தொகை எங்கே, எதற்குச் செலவாகிறது என்று பொது ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி, அமெரிக்க அண்ணன் விஷயம். அந்தக் குழந்தை அங்கே பிறந்து அந்நாட்டுப் பிரஜையாய் இருக்கிறது. அதற்குத் தாய் தகப்பன் இருக்கிறார்கள், வீடு இருக்கிறது, யாரும் அதைக் கைவிடவில்லை. இப்படிப்பட்ட ஒரு வழக்கில், இந்தியத் தம்பதிகளுக்கு அமெரிக்கப் பிரஜையான உறவினர் குழந்தையைத் தத்தெடுக்க அடிப்படை உரிமை ஏதும் இல்லை, இங்குள்ள இளஞ்சிறார் நீதிச் சட்டம் அதற்கு இடங்கொடுக்கவில்லை என்று பம்பாய் ஹைகோர்ட் 2025 ஜூலையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வழியே இல்லை என்று அர்த்தமல்ல. முதலில் அந்த நாட்டுச் சட்டப்படி அங்கேயே தத்து முடிய வேண்டும். இங்குள்ள வீட்டைப் பற்றிய அறிக்கையும், குழந்தையைப் பற்றிய அறிக்கையும், வைத்தியப் பரிசோதனையும் 'காரா'வுக்குப் போய் அதன் சம்மதம் வர வேண்டும். அப்புறம் அன்னியப் பாஸ்போர்ட்டுடன் வரும் குழந்தைக்கு இந்தியத் தூதரகத்தில் விசா வாங்க வேண்டும். காலமும் பணமும் ஆகும். ஆனால் தோழரை நாம் ஒன்று கேட்கிறோம். ஒரு வீட்டில் சௌக்கியமாயிருக்கும் குழந்தையை, 'நம் ரத்தம், நம் ஜாதி' என்ற ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து பிரித்துக் கடல் தாண்டிக் கொண்டுவருவதற்கும், புத் நரகத்துக்குப் பயந்து பங்காளி மகனைக் கேட்டு வாங்கியதற்கும் என்ன வித்தியாசம்?

தரகன் விஷயத்தில் நமக்குத் தயக்கமே இல்லை. அவன் தருவது தத்து அல்ல, திருட்டுச் சரக்கு. 2019-ல் நாமக்கல் ஜில்லா ராசிபுரத்தில், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி குழந்தைக்கு விலை பேசிய சம்பாஷணை ஊரெல்லாம் பரவிக் கைதானார். 2021-ல் மதுரையில் ஒரு காப்பகத்தில், குழந்தை கொரோனாவில் செத்துப்போனதாக மயானச் சீட்டுக் காட்டி அதை விற்றிருந்தார்கள். குழந்தையை விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஐந்து வருஷம் வரை கடுங்காவலும் லட்ச ரூபாய் அபராதமும் என்று சட்டம் சொல்லுகிறது. ஆஸ்பத்திரிக்காரர் செய்தால் மூன்று முதல் ஏழு வருஷம். தண்டனைக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. 'பேர் உங்கள் பேரிலேயே இருக்கும்' என்கிறானே, அதன் அர்த்தம் என்ன? பெற்றவள் யார் என்ற தடயமே இல்லாமல் அழித்து விடுகிறான் என்பதுதான். இருபது வயதில் அந்தக் குழந்தை 'நான் யார்?' என்று கேட்டால் இவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

இத்தனையும் ஏன் ஓசூரை வைத்து எழுதுகிறோம் என்றால் காரணம் இருக்கிறது. பெண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பாலுக்கு இரையாக்கிய கொடுமை நமது மேற்கு ஜில்லாக்களில் அதிகமாய் நடந்தது. அதைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன் முதலாக ஆரம்பிக்கப்பட்டது சேலத்தில்தான். 2001 ஜனக் கணக்கில் சேலம் ஜில்லாவில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 851. கிருஷ்ணகிரியும் ஓசூரும் 1965 வரையில் அதே சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை, பிறகு தர்மபுரி, 2004 முதல் தனி ஜில்லா. பேர் மாறிற்றே ஒழிய, மனது அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

இன்று அதே சீமையில் ஆயிரக்கணக்கான வாலிபப் பெண்கள் கைபேசியும் கைக்கடிகாரமும் மோட்டார் சாமான்களும் செய்கிற ஆலைகளில் சம்பாதிக்கிறார்கள். வட நாட்டிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் அவர்களில் ஒருத்தி கல்யாணமாகாமல் கர்ப்பமானால் என்ன ஆகிறது? ஆண்பிள்ளை எல்லை தாண்டிப் போய் விடுகிறான், அவனை யாரும் மானம் கெட்டவன் என்று சொல்லுவதில்லை. மானம் முழுவதும் அவள் வயிற்றில்தான் இருக்கிறதாக ஊர் நினைக்கிறது. அந்தப் பயந்தான் குழந்தையைப் புதருக்கும் குப்பைத் தொட்டிக்கும் தரகன் கைக்கும் கொண்டுபோகிறது. சட்டமோ அவளிடம் ஊரைவிட இரக்கமாக இருக்கிறது. அவள் ஒருத்தியே குழுவின் முன் போய்க் குழந்தையை ஒப்படைக்கலாம். பெயர் வெளியே வராது. அப்படி ஒப்படைப்பது குற்றமல்ல. மேலே சொன்ன 60 நாளும் அவளுக்கு உண்டு. 1098 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் ஆள் வருவார்கள். இந்தச் சமாசாரம் விடுதிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், தமிழில் மாத்திரமல்ல, கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும். நம் தோழர்கள் சுவரொட்டி ஒட்டுவதில் சமர்த்தர்கள்தானே, இதையும் ஒட்டட்டும்.

ஓசூர்த் தெருவில் ஐந்து வயதுக் குழந்தை மூன்று பாஷை பேசுகிறது. கடைக்காரரிடம் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று, தாயிடம் ஒன்று. எந்தப் பாஷையும் அதன் ரத்தத்தில் வந்ததல்ல, காதில் விழுந்ததால் வந்தது. ஜாதியும் அப்படித்தான், சொல்லிக் கொடுத்தால்தான் வரும். சொல்லிக் கொடுக்காவிட்டால் வராது.

ஓசூர்த் தோழருக்கு நமது பதில் இது: தரகனை வீட்டுக்குள் விட வேண்டாம். அண்ணன் குழந்தை அண்ணனிடமே இருக்கட்டும், லீவுக்கு வந்து போகட்டும். இருவர் பேரையும் 'காரா'வில் பதிந்து கொள்ளுங்கள். விவரம் தெரியாவிட்டால் கிருஷ்ணகிரியில் ஜில்லாக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள், அதற்குக் கூலி எதுவும் கிடையாது. பதியும்போது வயது என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அந்த இடத்தில் இரண்டு வயதுக்குள் என்று எழுதுவதா, ஆறு வயதானாலும் சரி என்று எழுதுவதா என்பதை இருவரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். முன்னதை எழுதினால் பல வருஷம் காத்திருக்க நேரும். பின்னதை எழுதினால் அதற்கும் முன்னாலேயே ஒரு பையனோ பெண்ணோ உங்கள் வீட்டில் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகக் கூடும். கொள்ளி வைப்பது யார் என்று கேட்கிற பெரியவர்களுக்கு, ஓசூரில் மின்சாரச் சுடுகாடு எங்கே என்று விசாரித்துச் சொல்லுங்கள்.